இரண்டு மலைக்கு ஒரு தலை

நைனாவின் காரியத்துக்காகப் போன மாதம் திருப்பதியில் எனக்கு மொட்டை போட்டார்கள். தலையில் தண்ணீர் ஊற்றியதும் உடம்பு நடுங்கியது. நல்ல வெயில்தான். ஆனால் மொட்டைக்கு ஊற்றுகிற தண்ணீர் என்றால் எனக்கு இன்னும் பயம். ஏன் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் செத்துப்போய்விட்டார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே நைனாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு திருத்தணியில் தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். நைனா திருப்பதியில் குதிரை பூட்டிய ஜட்கா ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை அலிபிரி அடிவாரத்தில் கொண்டுபோய் விடுவது அவர் பிழைப்பு. பையன் அம்மாவோடு இருக்கட்டும், மாதம் ஒருமுறை அப்பனிடம் போய் வரட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். அவர்களால் தீர்க்க முடியாதது என் தலைமுடிதான்.

நைனா வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு முதல் மொட்டை திருமலையில். அது அவர்கள் வழக்கம். ஆனால் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, பிழைத்தால் முதல் முடி தருவதாக அம்மா திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் எட்டு வயதிலும் நான் பின்னலோடு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் பின்னலைப் பெஞ்சுக் காலில் கட்டிவைத்துவிட்டு ஓடுவார்கள். கொஞ்ச நாளில் நான் போவதை நிறுத்திவிட்டேன்.

மாமா என்னைப் புத்தூர் ஸ்டேஷன்வரை கொண்டுவருவார். நைனா திருப்பதியிலிருந்து அங்கே வந்து கூட்டிப்போவார். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான்.

"உங்க நைனாவக் கேளுடா, குதிரைக்கு வெக்கிற கொள்ள குதிரை துன்னுதா, இவரே துன்றாரான்னு."

"உங்க மாமன் கிட்ட சொல்லு, குதிரைக்கு வெச்சா அது வேலையாச்சும் செய்யுது."

நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் காது கேட்கும்.

அந்த வருஷம் திருத்தணி மெட்ராஸோடு சேரப்போகிறது, புத்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே இருக்கும் என்று முடிவாகிவிட்டது. மாமாவுக்குச் சந்தோஷம். "இனிமே அவன் ஸ்டேட்டு வேற, நம்ம ஸ்டேட்டு வேற. புள்ளய கேட்டுக்கினு எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?" என்றார். அதே பேச்சு அம்மாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. நைனா என்னை அங்கேயே வைத்துக்கொண்டால் இவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

அந்த மாதம் நான் கிளம்பும்போது வலிக்க வலிக்கத் தலையைப் பின்னினாள். நுனியில் சிவப்பு ரிப்பனை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். "அங்க மொட்ட போட்டுட்டாங்கன்னா நீ அவங்க புள்ள. அப்புறம் இங்க வந்து நிக்காத. சொல்லிட்டேன்" என்றாள்.

பயத்தில் சொன்னது என்று இப்போது தெரிகிறது. அப்போது அப்படியே நம்பினேன்.

மறுநாள் நைனா சவாரி ஏற்றாமல் என்னை மட்டும் ஜட்காவில் உட்காரவைத்து அலிபிரிக்கு ஓட்டினார். அங்கே இன்னொரு வண்டிக்காரரிடம் குதிரையை ஒப்படைத்தார். அந்த ஆள் என் பின்னலைப் பார்த்து, "கூத்துரா, கொடுகா?" என்று சிரித்தார். பெண்ணா பையனா என்று.

"இன்னிக்கு சாயந்தரம் பாரு, தெரியும்" என்றார் நைனா.

பின்னலை முன்னால் இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டேதான் படியேறினேன். மூச்சு வாங்குகிறது என்று நைனா என்னைத் தோளில் தூக்கினார். அப்போதும் விடவில்லை.

மலையில் மொட்டை போடுகிற இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே முடி குவிந்து கிடந்தது. நைனா ரிப்பனை அவிழ்க்க வெகுநேரம் பாடுபட்டார். கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தார். நாவிதர் தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். அது கழுத்து வழியாக முதுகில் இறங்கியது.

"நைனா, நாளைக்கு என்ன அம்மா கிட்ட வுட்டுடுவியா?"

"வுடாம? இன்னா கேள்வி இது?"

"மொட்டையோட போனா அம்மா வூட்டுக்குள்ள சேத்துக்க மாட்டா."

"யார்ரா சொன்னது?"

"அம்மாதான். நான் உன் புள்ளயா ஆயிடுவனாம்."

நைனா என்னைப் பார்த்தார். கோபித்து அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் நாவிதரிடம், "வுட்டுடுப்பா. அவனுக்கு வேணாம்" என்றார்.

"தல நனைச்சிட்டு எழுந்துக்கக் கூடாது சாமி."

"அப்ப எனக்கு எடு."

என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் தலை மழிக்கப்படுவதை நான் ஈர முடியோடு நின்று பார்த்தேன். பிறகு வெயிலில் காயவைத்து அவரே பின்னிவிட்டார். அவருக்குத் தெரிந்தது குதிரை வாலைப் பின்னத்தான்.

புத்தூரில் மாமா நைனாவின் மொட்டையைப் பார்த்தார். "உங்க நைனா இன்னாத்துக்கு வேண்டிக்கினாராம்?" என்று கேட்டார். அன்றைக்கு நைனா என் பின்னலைச் சரிசெய்து விட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் கை என் தலைக்கு வந்தது. மேலிருந்து நுனிவரை தடவினாள்.

"யாரு பின்னுனது?"

"நைனா."

அன்றைக்கு அவள் அந்தப் பின்னலை அவிழ்க்கவில்லை.

திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்தது. மாமா என்னைப் புத்தூருக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினார். ஆடிக் கிருத்திகைக்கு அம்மா என்னை மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசினாள். வேண்டுதல் தீர்ந்தது என்று வழியெல்லாம் சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே போட்டால் நான் நைனா பிள்ளை என்றால், இங்கே போட்டதால் இனி நைனா பிள்ளை இல்லை. அவர் விட்டுவைத்த முடி. எந்த முகத்தோடு போய் நிற்பது?

பெரியவர்கள் சத்தம்போட்ட பிறகு மாமா மறுபடியும் கூட்டிப்போனார். ரயில் ஜன்னலில் நான் ஸ்டேட்டு மாறுகிற இடத்தைத் தேடிக்கொண்டே போனேன். ஒரு வேலியோ கேட்டோ இருக்கும் என்று நினைத்தேன். வேர்க்கடலைக் கொல்லைதான் இருந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

புத்தூரில் மாமாவின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நைனா வந்து துண்டை எடுத்தார். அதற்குள் கொஞ்சம் முளைத்திருந்தது. அதன்மேல் கையை வைத்தார்.

"திருத்தணியிலயா?"

"ம்."

"சந்தனம் வெச்சாளா? இல்லன்னா எரியுமே."

"வெச்சா நைனா."

கையை எடுக்கவே இல்லை. மாமாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "உங்க மாமன் கிட்ட சொல்லு, அடுத்த மாசமும் நான் இதே வண்டிக்கு வந்துகினு இருப்பேன்னு."

மாமா முதல்முறையாக நேராக அவரைப் பார்த்து, "இட்டுக்கினு வரேன்" என்றார்.

போன மாதம் காரியம் முடிந்து திரும்பும்போது வண்டி புத்தூரில் நின்றது. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இறங்கினேன். பிளாட்பாரத்தில் நைனா வந்து நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். விசில் ஊதியதும் ஏறிக்கொண்டேன்.