ஓரக்கோடு இல்லாத கையேடு

லிஃப்ட் மெக்கானிக்குகள் கையேட்டைப் படிப்பதில்லை. இது அவர்கள்மேல் பிறர் சுமத்தும் பழியன்று. அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வரும் தடித்த கையேட்டில், பக்கத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்த வரிகளை மட்டும் பார்ப்பார்கள். கோடு விழுந்த வரி சென்ற பதிப்பிலிருந்து மாறியது, விழாதது மாறாதது. அதற்குமேல் கல்வி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கையேட்டை எழுதுபவளுக்கு அவர்கள் வைத்த பெயர் கோட்டக்கா. உண்மையில் கோட்டைப் போட்டவள் அவளல்லள்; மென்பொருள். ஒரு சொல்லைத் திருத்தினால் போதும், அந்த வரியின் ஓரத்தில் தானாகக் கோடு விழும். ஆனாலும் அந்தப் புகழை அவள் மறுத்ததில்லை. அடக்கம் அவளிடம் கடனாகக் கேட்டாலும் கிடைக்காது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைக்கூடப் பேனா எடுத்துத் திருத்துகிறவள். பெற்றோர் போனபின் தம்பியைத் தானே வளர்த்து, தன் நிறுவனத்திலேயே மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டாள். அவனோ எதையும் படிப்பதில்லை என்று ஒரு கொள்கையாகவே வாழ்பவன்.

இந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகக் கணினிகள் அனைத்திலும் மென்பொருளின் புதிய பதிப்பு ஏறியிருந்தது. பழையதற்குத் திரும்ப வழியில்லை. அவள் ஒரு வரியைத் திருத்தினாள், கோடு விழவில்லை. மெனு முழுதும் துழாவினாள். கோட்டுக்கான இடத்தில், பத்தியை உற்சாகமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு பொத்தான் பல்லிளித்துக்கொண்டிருந்தது. உதவி மையத்தை அழைத்தாள்.

"அந்த வசதியை எடுத்துட்டாங்க மேடம். ரொம்பக் கொஞ்சம் பேர்தான் யூஸ் பண்றாங்களாம். ஆனா புதுசா முப்பது தீம் வந்திருக்கு."

"தீமை வெச்சு நான் என்ன பண்றது? பிரேக்குக்குப் பவுடர் பூசவா?"

"உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டேன் மேடம்."

"எதுல குறிச்சீங்க? அந்த வசதியாவது இன்னும் இருக்கா?"

பிரேக்கைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சுழலும் டிரம்மை அழுத்திப் பிடித்து லிஃப்டை நிறுத்தும் பட்டைக்கு பிரேக் லைனிங் என்று பெயர்; எல்லா லிஃப்டுகளுக்கும் அதில் புது வகையைப் போட்டு வந்தார்கள். அதற்கேற்ப, பிரேக் விட்டிருக்கும்போது லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் குறைந்திருந்தது. பழைய அளவையே வைத்தால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும். லிஃப்ட் தளத்தைத் தாண்டிக் கீழே போய் நிற்கும். கால் வைப்பவர் விழுவார். கையேட்டின் புதிய பதிப்பில் மாறியது அந்த ஒரு பத்திதான். அதற்குத்தான் கோடு இல்லை.

அவள் மேலாளரிடம் போனாள். கையேட்டில் அவர் பார்க்கும் பக்கம் ஒன்றே. தம் புகைப்படம் உள்ள முன்னுரை.

"இப்பதான் மேடம் பக்கம் சுத்தமா இருக்கு. முன்னெல்லாம் ஓரத்துல கரி இழுத்த மாதிரி இருக்கும்."

"அந்தக் கரியைப் பாத்துத்தான் சார் அவங்க வேலை செய்யறாங்க. இல்லன்னா ஒருத்தனும் படிக்க மாட்டான்."

"படிக்கணும் மேடம். படிக்கத்தானே கையேடு."

இத்தகைய அறிவுரையை அவர் வாரத்துக்கு ஒன்றாவது வழங்குவார், சம்பளம் அதற்குத்தான். அவள் மறுபேச்சுப் பேசாமல், படம் வரையும் கருவியால் பிரேக் பத்தியின் ஓரத்தில் தானே ஒரு கோட்டை வரைந்து அனுப்பினாள். மேலாளர் வெளியிடுமுன், கோப்பைத் திறந்து, முன்னுரையில் தம் சாதனைகளைப் பற்றி இன்னும் அரைப் பக்கம் சேர்த்தார். எழுத்தெல்லாம் கீழே நகர்ந்தது. வரைந்த கோடு மட்டும் நகரவில்லை. அதை யாரும் கவனிக்காமலேயே கையேடு ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான்.

"என்னக்கா, இந்த வருஷம் ஒரே ஒரு கோடு. அதுவும் கண்ணாடி துடைக்கறதுக்கு."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"கதவுக் கண்ணாடி. ஈரத்துணியால துடைச்சு, அப்புறம் காஞ்ச துணியாலன்னு போட்டிருக்கே. நாங்களும் துடைச்சுத் தள்ளிட்டோம்."

"பிரேக் இடைவெளி?"

"அதுக்குக் கோடு இல்லையே. பழைய அளவுதான்."

"புது லைனிங்குக்குப் பழைய அளவாடா?"

"நீ கோடு போடலையேக்கா." சற்று யோசித்தவன் குரலைத் தாழ்த்தினான். "அதான் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒரு சாண் கீழ போய் நிக்குதா? நாங்க சென்சாரை இல்ல மாத்தினோம்."

"அடுத்த பத்தியைப் படிச்சா கண்ணு கரைஞ்சிடுமா உனக்கு?"

"உன் புத்தகத்தை முழுசாப் படிச்சா அப்புறம் வேலைக்கு எவன் போறது?"

மறுநாள் காலை, பிரேக் பத்தி உள்ள பக்கத்தை அச்செடுத்து, ஸ்கேல் வைத்துப் பேனாவால் கோடு கிழித்து, மேலாளர் மேசையில் வைத்தாள். உடனே எல்லா மெக்கானிக்குகளுக்கும் இது போகவேண்டும் என்றாள். அவர் அதை இரு விரலால், செத்த பூச்சியைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"கையால கிழிச்ச கோடா? நம்ம தரம் என்ன ஆகறது மேடம்?"

"நம்ம கட்டட லிஃப்டுக்கும் புது லைனிங்தான் சார். அளவு மட்டும் பழசு."

அவர் தாளை மெல்ல மேசைமேல் இறக்கி வைத்தார்.

"யார் வெச்சது?"

"என் தம்பிதான். கண்ணாடி பளபளன்னு இருக்குமே, பாத்திருப்பீங்க."

ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றிக் கேட்டாலும் அசையாத மனிதர்தாம் அவர். அதை அவள் நன்கறிவாள், அதனாலேயே ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. கையொப்பம் அரை நிமிடத்தில் விழுந்தது. பகல் உணவுக்கு அவர் ஏழு மாடியும் படியிறங்கிப் போனார். உடற்பயிற்சியின் அவசியம் குறித்து, வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டே போனார்.

மாலையில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, கோடு கோணலா இருக்குன்னு பசங்க சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும். அளவை மாத்தினீங்களா?"

"ஆஸ்பத்திரி முடிஞ்சது. சரியா நிக்குது. அடுத்து உங்க ஆபீஸுக்கு வரவா?"

"பள்ளிக்கூடம், குடியிருப்பெல்லாம் முடிச்சிட்டு வா. இங்க கடைசியாப் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் நீயும் ஏழு மாடி ஏறணுமேக்கா."

"ஏறறேன்டா. முன்னால அவர் ஏறுவார்."