பசித்த அமீபா காத்திருக்காது

பாடி மேம்பாலத்தில் பேருந்து நகராமல் நின்றபோது, எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் மாரி அழைத்தார். "சார், கலைச்செல்வி மேடம் பூட்டாங்க சார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட மயங்கி வியுந்தாங்களாம். நோட்டீஸ் பை தோள்லயே இருந்துச்சாம்" என்றார்.

விலங்கியல் பேராசிரியர் மே மாத வெயிலில் எதற்குப் பேருந்து நிலையத்தில் கல்லூரிச் சேர்க்கை நோட்டீஸ் கொடுத்தார் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். தனியார் கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பிள்ளை பிடிக்கப் போகிறோம் என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மண்ணில் வாழும் ஒருவகை அமீபாதான் அவர் வேலை. சில மணி நேரம் பட்டினி போட்டால் அவை ஒரு வேதிப்பொருளை வெளியிடும். அது வரும் பக்கமாக மற்றவை ஊர்ந்து போகும். உள்ளே சட்டம்போல் தாங்கி நிற்கும் புரத இழைகளை ஓரிடத்தில் பிரித்து, முன்னால் கட்டிக்கொண்டே நகரும். நான் இயற்பியல்காரன், எனக்குக் காட்டுவதற்காக, அந்த வேதிப்பொருள் நிரப்பிய கண்ணாடி ஊசியை ஒரு செல்லின் பின்பக்கம் கொண்டுபோனார். அந்தப் பக்கமே அதற்கு முன்பக்கம் ஆயிற்று. "பாருங்க சார், வீட்டையே பிரிச்சுக் கட்டிடுச்சு. நம்ம காலேஜ்ல ஒரு பெஞ்சை நகர்த்த எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும்?" என்றார்.

சில செல்கள் இப்படிச் செய்யாமல், பழைய முன்பக்கத்தோடு வளைந்து திரும்பும். இந்த வித்தியாசம் ஏன் என்பதுதான் அவர் கேள்வி. பட்டினி கிடந்த நேரத்தைப் பொறுத்தது என்று நினைத்தார். அதற்கான படமெடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது.

அவர் இறந்த அன்று காலை செல்கள் தயாராக இருந்தன. அப்போது பார்த்துத் தாளாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வேறு வேலையாக நானும் அந்த அறையில் இருந்தேன். விலங்கியலில் சேர்க்கை குறைவு, உடனே கிளம்புங்கள் என்றார். மதியம்வரை நேரம் கேட்டார் கலைச்செல்வி.

"உங்க அமீபா எங்க ஓடிடப் போகுது மேடம்?" என்றார் தாளாளர்.

"பசிச்ச செல் காத்திருக்காது சார். நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனார். தாளாளர் முன்னால் நானும் வாய் திறக்கவில்லை.

இப்போது அதே தாளாளர் ஆய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டப் போகிறாராம். வாசலில் 'அர்ப்பணிப்பின் சிகரம்' என்று ஃபிளெக்ஸ். அவரை அறிந்தவர்களே, அந்த விழாவுக்குப் போகாதீர்கள். போனால் அடுத்த ஆண்டு நோட்டீஸில் போட ஒரு புகைப்படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அவர் எடுத்த படங்களெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கேள்வியைத் தொடர விரும்புகிறவர் யாராக இருந்தாலும் கொடுப்பேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது, அதை யாருக்கும் தர மாட்டேன்: அவர் பட்டிருக்க வேண்டிய, ஒருநாளும் படாமலே போன கோபம்.