பத்திரிகைக்குள் வந்த ஒட்டகம்

போன வாரம் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குள் ஒரு ஒட்டகம் வந்து நின்றது.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது ஆமை. அதற்கும் முன்னால் நீர்நாய்.

என் அண்ணா மகள் நித்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹர்மன், பஞ்சாபிப் பையன். இரண்டு பேருக்கும் நொய்டாவில் ஒரே ஆபீஸ். ‘வாராவாரம் எழுதறவதானே நீ’ என்று பத்திரிகை வாசகம் எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் எழுதி, ஆன்லைன் டாக்குமென்ட்டாகப் போட்டு, லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். கூடவே ஒரு வரி: ‘யாருக்கு என்ன தோணுதோ, ஓரத்தில் கமென்ட் போடுங்க.’

புத்தி இருக்கிறவள் யாராவது சொந்தக்காரர்களிடம் இப்படிச் சொல்வாளா?

ஓரம் நிரம்பி வழிந்தது. பிள்ளையார் படம் இன்னும் பெரிதாக வேண்டும் என்றார் கோயமுத்தூர் சித்தப்பா. பெரிதாகப் போட்டால் பழைய மாடல் என்று அதற்குக் கீழேயே பெங்களூர் அக்கா. யாரோ ஒரு புண்ணியவான் கமென்ட் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாமல், முகூர்த்த நேரத்துக்கு நடுவிலேயே ‘டிபனுக்கு அடை அவியல் உண்டா?’ என்று டைப் அடித்துவிட்டுப் போயிருந்தார்.

ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. டெல்லிக் குளிரில் மத்தியான வெயில் என்பது வரம். பால்கனியில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கலர் கலராகக் கர்சர்கள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பச்சை கோயமுத்தூர், ஊதா பெங்களூர்… கண் சொக்கும். அரைத் தூக்கத்தில், எல்லோரும் என் மடியிலேயே வந்து உட்கார்ந்து வம்பு பேசுகிற மாதிரி இருக்கும். ஆஹா, என்ன சுகம்!

ஒரே ஒரு வரியில் மட்டும் அந்தக் கலகலப்பு இல்லை.

பெண்ணின் அப்பா, அம்மா பெயர் வர வேண்டிய வரி. அவர்கள் அழைத்தால்தானே அது பத்திரிகை? அண்ணாவுக்கோ இந்தக் கல்யாணத்தில் மனசு ஒட்டவில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. ‘உன் இஷ்டம்’ என்றார், அதோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அது ஆகிவிட்டது பல மாசம்.

“அவரைக் கேக்காம பேரைப் போட்டுடாதே” என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நித்யா அந்த வரியைக் காலியாக விட்டு, மஞ்சள் அடித்து வைத்தாள். ‘என் பேரைப் போடுங்க, நான் நின்னு நடத்தறேன்’ என்று சித்தப்பா கமென்ட் போட்டார். அவள் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆங்கில எழுத்தில் பதில் அடித்தாள்: ‘தேங்க்ஸ் தாத்தா. அப்பா பேர் இல்லேன்னா அது காலியாவே இருக்கட்டும்.’

கரோல் பாக் பிரின்டரோ சனிக்கிழமைக்குள் ஃபைனல் வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார்.

அந்த மஞ்சள் வரிக்குத்தான் மிருகங்கள் வந்தன. லாக்-இன் செய்யாமல் யாராவது லிங்க் வழியாக உள்ளே வந்தால், அந்த சாஃப்ட்வேர் ‘பெயரில்லாத நீர்நாய்’, ‘பெயரில்லாத ஆமை’ என்று வாய்க்கு வந்த பெயரைச் சூட்டிவிடும். தினமும் மத்தியான டீக்கு அப்புறம் ஏதோ ஒன்று வரும். நேரே மஞ்சள் வரிக்குப் போகும். பேசாமல் நிற்கும். போய்விடும்.

யார் வீட்டு ஆமை இது?

புதன்கிழமை மயூர் விஹாரில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கனியில் அவர் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில். அவர் மடியில் லேப்டாப் — நித்யா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. என் மடியில் டேப்லெட். டீயைக் குடித்துவிட்டு அண்ணா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டார். என் ஸ்க்ரீனில் ஒரு கங்காரு உள்ளே வந்தது.

“என்ன அண்ணா பாக்கறே?”

“ஷேர் மார்க்கெட்.”

பக்கத்து ஃப்ளாட்காரர் கூப்பிட்டார் என்று லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனார். எட்டிப் பார்த்தேன்: அவர் ஸ்க்ரீனில் எங்கள் பத்திரிகை. என் ஸ்க்ரீனில் கங்காரு மஞ்சள் வரியிலேயே நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். அவர் தினமும் மிருகமாக வந்துபோவது நாடு முழுக்க இருக்கிற சொந்தக்காரர்களின் ஸ்க்ரீனில் தெரிகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

நித்யாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்தை. ப்ளீஸ். தெரிஞ்சா வரமாட்டார்” என்றாள்.

மறுநாள் மஞ்சள் வரிக்குப் பக்கத்தில் அவளுடைய புதுக் கமென்ட் ஒன்று முளைத்திருந்தது: ‘மேடையில் ஃபோகஸ் லைட் வேண்டாம்னு டெக்கரேட்டர்கிட்ட சொல்லணும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, கூசும்.’

அதற்குக் கீழே ஹர்மன், ஹிந்தியில்: ‘இந்த வரி நிரம்பாம பிரின்ட் வேண்டாம். அங்கிள்ஜிக்காகத் தேதியைத் தள்ளினாலும் கோயி பாத் நஹி, பரவாயில்லை.’

அன்றைக்கு வந்தது ஆமை. வெகுநேரம் நகரவே இல்லை.

சனிக்கிழமை காலை. வெளியே எதிர் பிளாக்கே தெரியாத பனி. பிரின்டர் இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். டாக்குமென்ட்டைத் திறந்தால்… பச்சை, ஊதா, நித்யாவின் சிவப்பு, எல்லாக் கர்சரும் உள்ளே. ஒருத்தரும் ஒரு எழுத்து அடிக்கவில்லை. வளவளவென்று பேசுகிற எங்கள் குடும்பம் அப்படி மௌனமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஒட்டகம் வந்தது.

மஞ்சள் வரியில் ஒரு எழுத்து விழுந்தது. ஒற்றை விரல் டைப்பிங். அப்புறம் இன்னொன்று. அண்ணியின் பெயர் முழுசாக வந்தது. பக்கத்தில் அண்ணாவின் பெயர் பாதி வந்து, அழிந்தது. என் டீ ஆறிப்போனது. போட்டுத் தொலையேன் அண்ணா என்று நான் வாய்விட்டே சொன்னேன். மறுபடி விழுந்தது, இந்தத் தரம் இனிஷியலோடு, முழுசாக.

அதோடு விட்டாரா? அண்ணா மத்திய சர்க்கார் ஆபீசில் முப்பத்துச் சொச்சம் வருஷம் ஃபைல் ஓரத்தில் நோட்டிங் எழுதியே ரிட்டையர் ஆனவர். கை சும்மா இருக்குமா? ஓரத்தில் ஒரு கமென்ட் வந்தது. ‘பார்த்தேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். அனுமதிக்கலாம்.’

அடுத்த நிமிஷம் நித்யா லைனில் இருந்தாள். “அத்தை, தா…ம…த… புரியலை. கடைசி வார்த்தை, அ…னு…ம… அப்படீன்னா?”

“அப்பா சரின்னுட்டார்டி, அசடே!”

அவள் அழுதாள். நானும்தான். எனக்கென்ன வெட்கம்?

சாயங்காலம் அண்ணாவே போன் பண்ணினார். குரலில் ஒன்றும் தெரியாத பாவனை. “பத்திரிகை பிரின்டுக்குப் போயிடுத்தாமே? யாரோ எங்க பேரைப் போட்டுட்டதா உங்க அண்ணி சொன்னா. யாராம்?”

“ஒரு ஒட்டகம், அண்ணா.”



“அச்சா” என்றார். “அதுக்கும் ஒரு பத்திரிகை வெச்சுடு.”