ஃபினாயில் போடாத அறை

ஏரிப் பக்கத்து விடுதி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் அறை துடைத்தவள் அற்புதம். வளைவு வளைவாக மலையேறி வருகிறவர்கள் தலை சுற்றி மெத்தையிலேயே எடுக்கும் வாந்தி, ஜலதாரையில் அடைத்துக்கொண்ட முடி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போன குழந்தைத் துணி எல்லாவற்றையும் அவள் கைதான் அள்ளியது. வெள்ளக்கடை கிராமத்தில் ஓட்டு வீட்டை எடுத்துக் கட்டியதும் வேலையை விட்டாள். இனி அடுத்தவர் அசிங்கத்தைத் தொடுவதில்லை என்று இருந்தாள். காலையும் மாலையும் ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அந்த வீட்டுக்குத்தான் மகன் மேக்ஸ்வெல் ஓசூரிலிருந்து தன் சினை நாய் டாலியைக் கொண்டுவந்து இறக்கினான். வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. வாயில் எச்சில் நூலாக இழுத்தது.

"ஷெர்லினுக்கு நாலு மாசம்மா. நாய் வாடை பட்டாலே வாந்தி எடுக்கறா. குட்டி போடற வரைக்கும் நீ பார்த்துக்க" என்று பெண்டாட்டியைக் காரணம் சொன்னான்.

"அவளுக்கு மட்டுந்தான் வாந்தி வருமா கண்ணு?" என்றாள் அற்புதம்.

அவன் சிரித்து மழுப்பினான். குட்டி போட ஒரு தனி இடம் வேண்டும், ஈரம் ஆகாது, சாக்கு விரித்தால் நூலில் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும், பழைய பருத்திச் சேலைதான் நல்லது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். கடைசியில் ஒன்று சொன்னான். "ஃபினாயில் மட்டும் போட்டுராதம்மா. குட்டிகளுக்கு ஆகாதாம்."

அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அற்புதம் பின்பக்கத்து விறகு அறையை ஒழித்தாள். விறகுக்கடியில் எலி செத்துக் காய்ந்து கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வாரிக் கொட்டி, சுவரைச் சுரண்டி, வெந்நீராலேயே மூன்று தடவை கழுவினாள். ஃபினாயில் இல்லாத தரையில் கால் வைக்கவே அவளுக்குக் கூசியது. பக்கத்துக் காட்டுக்காரி பாவாயி பழைய பலகைகளை அடித்து ஒரு பெட்டி செய்து கொடுத்தாள். தாய் படுக்கும்போது குட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஓரமாகக் கட்டையும் வைத்தாள். குளிருக்கு மேலே ஒரு குண்டு பல்பு. சேலை கிழித்து விரித்ததும் டாலி ஏறி, அதைக் கால்களால் பறித்துச் சுருட்டி, அதன் மேலேயே மூத்திரம் விட்டது.

"பிரசவ நேரத்துல எல்லாம் அப்படித்தானுங்க அக்கா" என்றாள் பாவாயி.

"எல்லாருக்கும் அப்படித்தான். அள்றதுக்கு நான் ஒருத்தி."

டாலியின் காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. ரத்தம் குடித்துப் பாசிப்பயறு போல உப்பியதுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். ஒன்று விரலிடுக்கில் நசுங்கியது. அன்று முழுக்க அவளால் சாப்பிட முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் டாலிக்கு வலி கண்டது. முதல் குட்டி சவ்வுப் பையோடு விழுந்தது. டாலி பையைக் கடித்துக் கிழித்து, பின்னால் வந்த நஞ்சுக்கொடியைச் சளக் சளக்கென்று தின்றது. அற்புதம் ஓடிப்போய்க் கொய்யா மரத்தடியில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு பிறந்தன; நாலாவதாக விழுந்த குட்டி அசையாமல் கிடந்தது. தாய் அதைக் கவனிக்கவில்லை. அற்புதம் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்தாள். கொழகொழவென்று வழுக்கியது. சுண்டுவிரலை அதன் வாயில் விட்டுக் கோழையை வழித்தெறிந்து, துண்டால் அழுத்தித் தேய்த்தாள். வெகுநேரம் கழித்து அது கீச்சென்றது. உடனே டாலி, நஞ்சுக்கொடி தின்ற அதே நாக்கால் அவள் கையை நக்கியது. அந்தக் கையைத் தோல் சிவக்கும் வரை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்வெல் வந்தான். சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, விறகு அறை வாசலில் நின்றபடியே போனில் படம் எடுத்தான்.

"ஏம்மா, நொம்ப நாறுதே. இதுக்குள்ள எப்படிப் போற?"

விடுதியில், தாங்கள் எடுத்த வாந்தியைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களும் இப்படித்தான் வாசலில் நிற்பார்கள். பெற்ற பிள்ளையும் அங்கேயே நிற்பதைப் பார்த்ததும் உண்ணியைப் பார்த்தபோது வந்த குமட்டலே அவளுக்கு வந்தது.

"கால வச்சித்தான். வாளி அங்க இருக்குது. உன் நாய், நீ அள்ளு சாமி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் பேன்ட்டை மடித்துவிட்டு உள்ளே போனான். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்து அவனே துணி மாற்றினான். மற்ற நாளெல்லாம் அவள்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. குட்டிகள் தாய்ப்பால் மறந்ததும் இரண்டைத் தலைச்சோலை ஊர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள். மற்றவற்றையும் டாலியையும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் புறப்பட்டான். "வெறிச்சுனு இருக்குமேங்க அக்கா" என்றாள் பாவாயி.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அற்புதம் பெட்டியையும் சேலைத் துணிகளையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். புகை படாத பக்கமாக நின்று, கடைசிப் பலகை சாம்பலாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.