அமலநாதன் விட்ட தலைவர் பதவி

புதுச்சேரி உப்பளத்துத் தையல்காரர் அமலநாதனுக்கு இரண்டு விஷயம் வராது. ஒன்று, கால்சட்டையைச் சொன்ன நாளில் தைத்துக் கொடுப்பது. இன்னொன்று, வாயை அடக்குவது. மற்றபடி தங்கமான மனிதர். தெருப் பையன்கள் சாராயக்கடைப் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், 1931 தொடக்கத்தில் ஒரு பந்தும் ஒரு வடக்கயிறும் வாங்கிப் போட்டு வாலிபர் விளையாட்டுச் சங்கம் என்று ஆரம்பித்தார். தலைவரும் அவரே. பிரெஞ்சில் 'பிரெசிதான்' என்று சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. அந்தப் பட்டத்தின் மேல் மனிதருக்கு அப்படி ஓர் ஆசை. அவர் மனைவி அகஸ்டினாவும் சில நாள் சோறு போடும்போது அப்படித்தான் கூப்பிடுவாள், கேலிக்கு.

சங்கத்தில் இருந்ததெல்லாம் மாதா கோயில் பையன்கள். பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு விழாவில் கடற்கரையில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் முதல் மூன்று வருஷமும் மண்ணைக் கவ்வினார்கள். நான்காம் வருஷம் அமலநாதன் யாரையும் கேட்காமல் வைத்திக்குப்பம் போய், கரைவலை இழுக்கும் வடிவேலையும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரையும் சேர்த்துவிட்டார். சங்கம் கொதித்தது. மீன் நாற்றம், வேறு சாதி, பூசைக்கு வராதவர்கள் என்று ஆளுக்கொரு குற்றம். எல்லாரையும்விட அதிகம் குதித்தவன் அல்போன்ஸ். அமலநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஜெயிச்சா இவங்க சங்கத்துல இருப்பாங்க, எவனும் வாயத் தெறக்கக் கூடாது. தோத்தா இவங்களும் போவட்டும், நானும் பதவிய வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

போட்டியில் எதிரே துறைமுகத்து ஆட்கள். நம் பக்கம் கயிற்றின் முன்னால் அல்போன்ஸ், கடைசியில் வடிவேல். எதிராளிகள் நடுக்கோட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னும் ஒரு முழம்தான். அப்போது அல்போன்ஸுக்குக் கால் வழுக்கியது. உடனே வடிவேல் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி, அவனுக்கும் முன்னே போய்ப் பிடித்தான். கரைவலையில் அதுதான் வழக்கம்: கயிறு கரையேற ஏற, கடைசி ஆள் விட்டுவிட்டு முன்னால் போய்ப் பிடிக்க வேண்டும். நடுவரோ பட்டாளத்தில் இருந்து வந்தவர். இடம் மாறியது தப்பு, தோல்வி என்று ஊதிவிட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. தான் செய்த தப்பு என்னவென்று வடிவேலுக்குப் பிறர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கொடுத்த வாக்குப்படி விலகுவதாக அமலநாதன் சொல்லிவிட்டு நின்றார். குப்பத்துப் பையன்கள் அவர்களாகவே வாசலுக்குப் போய்விட்டார்கள். அல்போன்ஸ் எழுந்தான்.

"அண்ணன் சொன்ன சொல்லுப்படி போவட்டும். வடிவேலு போவக் கூடாது. நான் வுழப் போனேன். நீங்கல்லாம் அவங்கவங்க எடத்துல நின்னீங்க. அவன் ஒருத்தன்தான் ஓடியாந்தான்."

அப்போதே அல்போன்ஸைத் தலைவராக்கினார்கள். வடிவேல் கூட்டத்தை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அமலநாதன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் அகஸ்டினா சோறு போட்டுவிட்டு, குப்பத்துப் பிள்ளைகளை விரட்டிவிட்டார்களா என்று கேட்டாள்.

"இல்ல, இருக்காங்க. நான் கேட்டது கெடச்சிடுச்சி" என்றார். சோற்றில் கை வைக்கவில்லை. "'நீங்களும் இருங்கண்ணே'ன்னு ஒருத்தன்கூடச் சொல்லலியே, அகஸ்டினா" என்று சொல்லி அழுதார்.