ஒரு பை பாலைவனக் கல்

அறுவடைக் கூலித் தகராறில் மன்னார்குடிப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். தஞ்சாவூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ராஜஸ்தானில் பாறை ஆராய்ச்சி செய்பவர், லீவில் ஊருக்கு வருகிறார். ஒல்லியான ஆள். மடியிலிருந்த பையைக் குழந்தையைப் போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட போலீஸ் அந்தப் பையைத் திறந்து பார்த்தது. உள்ளே முழுக்கக் கல்.

"யார் மண்டைய உடைக்கப் போறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாலைவனப் பாறைங்க. லட்சக்கணக்கான வருஷத்துல எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளக்குறேன்."

"அளந்து?"

"பாறை தேஞ்சாத்தாங்க மண்ணு. நீங்க காவல் நிக்கிற இந்த வயலெல்லாம் எங்கேயோ தேஞ்ச பாறைதான்."

"அப்ப பட்டாவும் பாறை பேர்லதானா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நியாயமாப் பாத்தா அப்படித்தாங்க."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. "கல்ல வச்சுட்டு நீங்க போகலாம்."

"கல்லு இல்லாம நான் போகலைங்க" என்று அவர் பையோடு இறங்கிவிட்டார்.

பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். போலீஸ் லாரியில் ஏற்கெனவே பிடிபட்டிருந்த கூலியாள் ஒருவர் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். உட்கார்ந்த கையோடு இவர் ஒரு கல்லை எடுத்து அந்த ஆளிடம் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டார்.

கல்லுக்காக லாக்கப்புக்குப் போன அந்த மனிதரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையும்.