என் சனிக்கிழமையை வாங்கியவர்கள்

நான் இருக்கும் ஜெர்மானிய ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டிலைக் குப்பையில் போடக்கூடாது. கண்ணாடிக்கென்று தெருமுனையில் தனியாக ஓர் இரும்புத் தொட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போட்டால் உடையும், உடைந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை கெட்டுவிடும். வந்த புதிதில் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய்ப் போட்டேன். எதிர்வீட்டு மாடி ஜன்னலைத் திறந்து ஓர் அம்மாள், "ஹாய்ட்டே இஸ்ட் சோன்டாக்!" என்றார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். இந்த ஊர் வழக்கப்படி ஏதோ ஞாயிறு வாழ்த்துச் சொல்கிறார் போல என்று நினைத்து, நானும் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களுக்கும்" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? சத்தம் இருந்தால்தான் ஊர் நன்றாக இருக்கிறது என்று பொருள் எங்களுக்கு. புதிதாக ஒரு பனியன் கம்பெனியோடு வேலை வைத்துக்கொள்வதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் அதன் வரவு செலவையெல்லாம் பார்க்க மாட்டார்கள். இரவு எட்டு மணி வாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போவார்கள். லைட் எரிகிறதா, மிஷின் ஓடுகிறதா, அவ்வளவுதான் பரிசோதனை. காலையில் வந்த டெய்லர் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் எட்டரை வரை உட்கார்ந்து தைத்தால் அது ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் ஆர்டர் இருக்கிறது. ஞாயிறும் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த முதலாளியிடமே நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். "எங்கீங்க, ஆர்டரே இல்லீங்க, நெம்ப டல்லுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். கண் பட்டுவிடும், பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆர்டர் தருகிற பையரைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஆகையால் வாயை நம்பாதே, லைட்டை நம்பு. எங்கள் ஊர்ப் பொருளாதாரப் படிப்பு மொத்தமும் இதுதான்.

இப்போது என் பிழைப்பைச் சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது உலோகத்தில் பாகங்களை அச்சடிக்கும் கம்பெனியில். மாவு மாதிரி இருக்கும் உலோகத் தூளை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் இன்னொரு படலம் பரப்பி, அதையும் உருக்கி, இப்படியே ஒரு பாகத்தை மேலே எழுப்பிக்கொண்டு போகும் எந்திரம். ஒரு பாகம் முடிய நாள்கணக்கில் ஆகும். கதவைச் சாத்திவிட்டால் ஆள் தேவையில்லை, தன்பாட்டுக்கு ஓடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் "ஷோனெஸ் வோகனெண்டே" என்று ஒருவருக்கொருவர் விடுமுறை வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் திங்கட்கிழமை காலையில் பாகம் தயாராக இருக்கும். தூள் சரியாகப் பரவாமல் பாகம் வளைந்து போனால்தான் எங்களைச் சனிக்கிழமை கூப்பிடுவார்கள். தூளை வழித்து, சலித்து, கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே சனிக்கிழமை லைட் எரிந்தால் யாரோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைத் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறவில்லை.

போன வருஷம் லீவில் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர் போயிருந்தேன். அங்கே என் தங்கச்சி சுமதி பவர்டேபிள் வைத்திருந்தாள். பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். வீட்டை ஒட்டி ஒரு ஷீட் கொட்டகை, உள்ளே சில மிஷின்கள். வாசல் பக்கம் இருந்த, பனியன் விளிம்பை மடித்துத் தைக்கும் பிளாட்லாக் மிஷின் மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் அவள் டெய்லராகப் போய்ச் சம்பாதித்து வாங்கியது. அதில் வேறு யாரையும் உட்கார விட மாட்டாள். விளையாட்டுக்கு நான் ஒருநாள் உட்கார்ந்ததற்கே, "எந்திரிண்ணா, நூலைச் சிக்கலாக்கிப் போடுவே" என்று விரட்டினாள். அவள் வீட்டுக்காரர் லோகநாதன், என் மாப்பிள்ளை, டெலிவரி பார்க்கிறார் என்று பேர். அவர் பார்த்ததெல்லாம் போனைத்தான்.

காலை பதினோரு மணிக்கு மெயின் ரோட்டுப் பேக்கரியில் ஒரு கூட்டம் கூடும். மாப்பிள்ளை என்னை அங்கே மாடு பிடித்துக்கொண்டு போகிற மாதிரி கூட்டிப்போனார். நூல் ஏஜெண்ட் செல்வராஜ் என்பவர்தான் அந்தச் சபைக்குத் தலைவர். வெளிநாட்டுப் பங்கைப் போனிலேயே தட்டி வாங்கும் ஆப் ஒன்றை எல்லோரும் வைத்திருந்தார்கள். ராக்கெட் இஞ்சினையே அச்சடிக்கிறார்கள், இனிமேல் லேத்துக்கும் பட்டறைக்கும் வேலையே இல்லை என்று யூடியூபில் எவனோ கத்தியிருக்கிறான். உடனே இவர்கள் உலோக அச்சுக் கம்பெனிப் பங்குகளில் இறங்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் பங்கும் அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது, தலைவிதி. இவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே எடை குறைகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற ஆட்கள். ஒரு லாட்டில் சாயம் ஒரு பொட்டு மாறினால் சட்டையைப் பிடிப்பார்கள். அந்த மகா மேதைகள், எங்கள் கம்பெனி என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது என்று ஒரு வெங்காயமும் தெரியாமல், பச்சைக்கோடு சிவப்புக்கோடு பார்த்து முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, கம்பெனி எப்படிங்க போகுது?" என்று செல்வராஜ் கேட்டார்.

"சுமார்தாங்க. ஆர்டர் பெருசா இல்லீங்க. நம்பி வாங்காதீங்க, நானே ஒரு பங்குகூட வாங்கலீங்க" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் செல்வராஜ் மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தீங்களா? வாயைத் தொறக்க மாட்டீங்கறாரு. உள்ள நெம்ப இருக்குதுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆர்டரே இல்லை என்று சொல்லிச் சொல்லியே மாடி மேல் மாடி கட்டிய முதலாளிகளைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் நான் உண்மையைச் சொன்னது என் மடத்தனம். எனக்கு அவர்கள் மேல் இரக்கமே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு எங்களுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. ஒரு எந்திரத்தில் வந்த பாகமெல்லாம் வரிசையாக வளைந்து போயிற்று. எங்கள் ஷிப்ட் தலைவர் ஊவே, வாரா வாரம் வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் வந்து நின்று, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, "நாளைக்கு வர முடியுமா?" என்பார். ஒருமுறை தனி அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். பாட்டில் போடக்கூடாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல்நாள் சனிக்கிழமை சுமதி கூப்பிட்டபோது எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன்.

"ஏண்ணா, போனே எடுக்கலை?"

"வேலைக்குப் போயிருந்தேன் கண்ணு. இந்த மாசம் பூரா சனிக்கெழமை வேலைதான். நாளைக்குக்கூட வரச் சொல்லியிருக்கறாங்க."

"ஞாயித்துக்கெழமையுமா? ஒடம்பப் பாத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். ராத்திரி சாப்பாடு போடும்போது, அண்ணனுக்குப் பாவம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை என்று வீட்டுக்காரரிடம் ஆதங்கப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்துபோய்ச் செல்வராஜுக்குப் போன் போட்டாராம்.

அடுத்த முறை நான் கூப்பிட்டபோது அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் கேட்கிற மிஷின் இரைச்சல் இல்லை. கரண்ட் இல்லையா என்று கேட்டேன்.

"மிஷினே இல்லண்ணா" என்றாள். "எல்லாத்தையும் வித்து உங்க கம்பெனி பங்கு வாங்கிட்டாரு. நீதான் சொன்னயாமா."

"பிளாட்லாக்?"

"அதுந்தான். அனுப்பர்பாளையத்துல யாரோ எடுத்துட்டுப் போனாங்க. நீ சொன்னேன்னு இவரு சொன்னதுனாலதாண்ணா நான் சரீன்னேன்."

போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். "நான் எப்பங்க வாங்கச் சொன்னேன்?" என்று கத்தினேன்.

"நீங்க சொல்லலீங்க மச்சான்" என்றார் அவர், நிதானமாக. "நீங்க சொல்ல மாட்டீங்கன்னுதான் தெரியுமுங்களே. ஆனா ஞாயித்துக்கெழமையும் ஓடுதல்லங்க?"

"அது கெட்டுப்போனதைச் சரிபண்ற வேலைங்க! ஆர்டர் இல்லீங்க, ஆர்டர் இல்லீங்க!"

"செரீங்க, செரீங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வெளிய சொல்ல மாட்டனுங்க."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த லைட் சாஸ்திரம் ஒன்றும் தெய்வ வாக்கு இல்லை என்பது இவர்களுக்கே தெரியும். இஞ்சினியரிங் முடித்துவிட்டு நான் முதலில் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஆர்டர் வற்றிப்போன சமயம் முதலாளி என்ன செய்வார் தெரியுமா? டெய்லர்களை ஐந்தரைக்கே அனுப்பிவிட்டு, காலி ஹாலில் எல்லா டியூப்லைட்டையும் போடச் சொல்வார். ரோட்டுப் பக்க ஜன்னல் ஓரமாக வாட்ச்மேனை உட்காரவைத்து ஒரு மிஷினைச் சும்மா மிதிக்கச் சொல்வார். வெளியே வண்டியில் சுற்றிப் பார்த்துவிட்டு, அடேயப்பா, ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது என்று பூரித்துப் போனவர்களில் மாப்பிள்ளையும் உண்டு. பிறகு அந்தக் கம்பெனி கதவைச் சாத்தியபோது அதற்கு ஒரு மாதம் தைத்துக் கொடுத்த கூலி சுமதிக்கு வந்து சேரவில்லை. அப்போதாவது புத்தி வந்ததா? அடுத்த லைட்டைத் தேடிப் போனார்கள்.

எங்கள் பாகங்கள் கெட்டுப்போன சேதி சீக்கிரமே வெளியே வந்துவிட்டது. பங்கு படுத்துவிட்டது. அன்றைக்கு வேலையில் என் முகத்தைப் பார்த்து ஊவே என்ன விஷயம் என்று கேட்டார். எனக்கு இருக்கும் ஜெர்மன் மொழியில் சொன்னேன்: இந்தச் சனிக்கிழமை வேலையால் என் தங்கச்சி குடும்பம் பாழாய்ப் போய்விட்டது. ஊவே நல்ல மனிதர். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. வாராவாரம் சனிக்கிழமை வந்ததால் குடும்பத்தோடு பேச நேரமில்லாமல் எனக்கு மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். நான் மேலே விளக்குவதற்குள் தோளைத் தட்டி, "வெள்ளிக்கிழமை நீ வராதே. வீட்டில் இரு. அவர்களோடு பேசு" என்றார். பனியன் தைக்கும் ஊரில் நாலு பேர் பேக்கரியில் உட்கார்ந்து இவருடைய சனிக்கிழமையை வாங்கி விற்கிறார்கள் என்று இந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பேன்? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். நேரத்தைக் கணக்குப் பார்த்து, ஷிப்ட் சமயத்தில் எடுக்கிறேனா என்று வேவு பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. "எங்கீங்க மச்சான், ஊட்லீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். "வெள்ளிக்கெழமை ஊட்லீங்களா!" என்றார், சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி. அன்று சாயங்காலம் அமெரிக்கச் சந்தை திறந்ததும் மொத்தத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். மிஷின் விற்று வாங்கியதில் மிஞ்சியது ஒரு மிஷினுக்குக்கூடக் காணாது. அதையாவது சுமதி கையில் கொடுத்தாரா? அதுவும் இல்லை. ஆப்பிலேயே வைத்துக்கொண்டு, மறுபடி இறங்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேக்கரிக் கூட்டம் கலையவில்லை, இப்போதும் பதினோரு மணிக்குக் கூடுகிறது. செல்வராஜ், "மச்சான் லீவு முடிஞ்சு எப்பங்க வேலைக்குப் போறாரு?" என்று விசாரிக்கிறாராம். நாசமாய்ப் போகட்டும்.

சுமதி இப்போது வேறொருவர் கம்பெனியில் டெய்லர். அதே பிளாட்லாக் வேலைதான், மிஷின் மட்டும் அவளுடையது இல்லை. ஒன்றரை ஷிப்ட். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் உண்டு. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, டீ நேரத்தில் கம்பெனி வாசலிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் ஹால் முழுக்க மிஷின் இரைந்துகொண்டிருந்தது. என் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது. காலி பாட்டில்களைப் பையில் போட்டுக் கதவோரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத" என்றாள்.

"சொல்லு கண்ணு."

"இனிமே நீ வேலைக்குப் போனயா, ஊட்ல இருந்தயான்னு எங்கிட்டச் சொல்லாத. இவரு தெனமும் தோண்டித் தோண்டிக் கேக்கறாரு. எனக்குப் பொய் சொல்ல வர மாட்டீங்குது."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? முந்தின நாள் சனிக்கிழமை முழுக்க நான் வேலையில்தான் இருந்தேன். தூள் சலித்துத் தோள்பட்டை விட்டுப் போயிருந்தது. அவள் டீ உறிஞ்சுவது கேட்டது. பிறகு பழக்க தோஷத்தில், "வேற என்னண்ணா? நேத்தெல்லாம் என்ன பண்ணினே?" என்றவள், கேட்டபிறகுதான் சுதாரித்து நிறுத்திக்கொண்டாள்.

"நேத்து இங்க நல்ல குளுரு" என்றேன்.

"ஓ" என்றாள். மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள். பாட்டில் பை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. அதை நாளைக்குத் திங்கட்கிழமை கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் தங்கச்சியிடம் வேலைக்குப் போனேன் என்று சொல்வதற்குத்தான் ஒரு கிழமையும் மிச்சமில்லை.